ரூபர், ரூஃபஸ், ருஸ்ஸுஸ்: லத்தீன் சிவப்பும் ஆங்கிலத்தில் அதன் வாரிசுகளும்

கேள்வி இது: “ஆங்கில அகராதியில் ரூபி, ரூபெல்லா, ரூப்ரிக் என்று வரிசையாக வரும் சொற்களுக்கெல்லாம் மூலம் லத்தீன் ‘ரூபர்’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ‘ரெட்’ என்பதும் அதிலிருந்து வந்ததுதானா? ரூஃபஸ், ருஸ்ஸுஸ் என்று வேறு லத்தீன் சொற்களுக்கும் சிவப்பு என்றே பொருள் சொல்கிறார்கள், என்ன வித்தியாசம்? ரப்பரும் இந்தக் கூட்டத்தில் சேருமா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெட் லத்தீனிலிருந்து வரவில்லை. ரூபருக்கு அது பிள்ளை அல்ல, உடன்பிறப்பு. நிறத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏற்கெனவே சொந்தமாக ஒரு சொல் இருந்ததால், பின்னால் வந்து சேர்ந்த லத்தீன் சிவப்புகளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கல், மை, சாயம், நோய், தலைமுடி, வேதித் தனிமம் என்று ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டன. சில சொற்கள் தாம் சிவப்பு என்பதையே மறந்துவிட்டன. ரப்பரைக் கடைசியில் பார்ப்போம்.

ரெட்டும் ரூபரும் உடன்பிறப்புகள் என்று எப்படித் தெரியும்? இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலத்தில் சிவப்பைக் குறிக்க ஏறத்தாழ ‘ரெயுத்’ என்று ஒலித்த ஒரு வேர் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கட்டமைத்திருக்கிறார்கள். அதன் கடைசி ஒலி, மூச்சு சேர்ந்த ‘த’. கிரேக்கத்தில் அது எரித்ரோஸ் ஆனது. ஜெர்மனில் ரோட், ஆங்கிலத்தில் ரெட், சமஸ்கிருதத்தில் ருதிரம். அந்த ருதிரம்தான் தமிழில் முதல் எழுத்தைத் தொலைத்துவிட்டு ‘உதிரம்’ என்று வழங்குகிறது. ரோகிணி நட்சத்திரத்தின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பெயருக்குச் ‘சிவந்தவள்’ என்று பொருள். மேலைநாட்டார் அல்டெபரான் என்று சொல்லும் அந்த விண்மீனை வெறுங்கண்ணால் பார்த்தாலே செம்மை தெரியும்.

லத்தீனில் மட்டும் அந்த ‘த’ எப்படி ‘ப’ ஆனது? (பஸ் என்பதில் வரும் ப என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இது தற்செயல் அல்ல. உ, ர் போன்ற ஒலிகளின் பக்கத்தில் நிற்கும்போது லத்தீன் அந்த ஒலியை ஒழுங்காக இப்படித்தான் மாற்றுகிறது. ஆங்கிலம் அதே இடத்தில் டாக்டரின் ‘ட’வை வைக்கிறது. சொல்லுக்கு லத்தீனில் வெர்பும், ஆங்கிலத்தில் வேர்ட். தாடிக்கு பார்பா, பியர்ட். பசுவின் மடிக்கு ஊபெர், அடர். இந்த வரிசையில் ரூபரையும் ரெட்டையும் நிறுத்திப் பாருங்கள், பொருந்திவிடும். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாடினால் மொழியியலில் மாட்டிக்கொள்வோம். ஒலி எங்கே, எந்த ஒழுங்கில் மாறுகிறது என்பதுதான் சாட்சி.

கிரேக்க எரித்ரோஸ் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் ‘செங்கடல்’ என்றபோது இன்றைய செங்கடலை மட்டும் சொல்லவில்லை, அரபிக்கடலும் அதற்கப்பாலும் அதில் அடக்கம். முசிறியையும் பாண்டிய நாட்டையும் பேசும் அந்த கிரேக்க வணிகக் கையேட்டுக்கு ‘எரித்திரையக் கடல் பயணக் குறிப்பு’ என்று பெயர் வந்தது அதனால்தான். ரோமர்கள் அதையே மாரே ருப்ரும் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். 1890இல் இத்தாலி தன் ஆப்பிரிக்கக் குடியேற்றத்துக்கு எரித்ரியா என்று பெயரிட்டதும் இந்தக் கடலை வைத்தே.

சரி, ரூஃபஸ் எங்கிருந்து வந்தது? லத்தீன் என்பது முதலில் ரோமையும் சுற்றியிருந்த ஊர்களையும் சேர்ந்த ஒரு சின்ன வட்டார மொழிதான். பக்கத்து மலைநாடுகளில் ஆஸ்கன், அம்ப்ரியன் என்று அதன் பங்காளி மொழிகள் இருந்தன. லத்தீனில் ‘ப’ வரும் இடத்தில் அவற்றில் ‘ஃப’ வரும். இத்தாலியில் குப்பியோ என்ற ஊரில் கிடைத்த ஏழு வெண்கலப் பட்டயங்களில் அம்ப்ரிய மொழிச் சடங்கு விதிகள் இருக்கின்றன. பலிக்குரிய பன்றிகள் சிவப்பாகவோ கறுப்பாகவோ இருக்கலாம் என்று சொல்லும் இடத்தில், சிவப்புக்கு வரும் சொல் ‘ரோஃபு’. ஆக ரூஃபஸ் என்பது மலைநாட்டார் உச்சரிப்பில் ரோமுக்குள் வந்த அதே சொல். வந்த பிறகு ஒரு தனிப் பொறுப்பும் கிடைத்தது. தலைமுடி, விலங்கின் ரோமம், ஆளின் தோற்றம் என்றால் பெரும்பாலும் ரூஃபஸ். பொதுவாகச் சிவப்பு என்றால் ரூபர். செம்முடியன் என்பதே பலருக்குக் குடும்பப் பெயராகிவிட்டது.

இந்தச் சொற்களுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். ரோமர்களே இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆலுஸ் கெல்லியஸ் என்பவர், தான் படித்ததையும் கேட்டதையும் குறித்துவைத்த பெரிய நூல் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாம் புத்தகத்தில் ஒரு காட்சி. ரோமின் உச்சப் பதவியான கான்சலாக இருந்த ஃபிரோன்டோ கால் வாதத்தில் படுத்திருக்கிறார். பின்னாளில் பேரரசரான மார்க்கஸ் அவ்ரேலியஸுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவரைப் பார்க்கத் தத்துவவாதி ஃபவோரினஸ் வருகிறார். பேச்சு நிறங்களின் பக்கம் திரும்புகிறது.

ஃபவோரினஸ் குறைப்பட்டுக்கொள்கிறார்: கண்ணுக்குத் தெரியும் நிறபேதங்கள் ஏராளம், சொற்களோ கொஞ்சம். நெருப்பு ஒருவிதச் சிவப்பு, இரத்தம் ஒருவிதம், சங்குச் சாயம் ஒருவிதம், குங்குமப்பூ ஒருவிதம். லத்தீனோ எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைக்கிறது. வேறுபடுத்த வேண்டுமென்றால் பொருளிடமிருந்துதான் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது, நெருப்பு நிறம், இரத்த நிறம் என்று. ருஸ்ஸுஸ், ரூபர் என்றெல்லாம் சொன்னாலும் ரூஃபஸ் சொல்வதைத் தாண்டி அவை எதையும் சொல்லவில்லை. கிரேக்க மொழிக்கு இந்தப் பஞ்சம் இல்லை.

ஃபிரோன்டோ விட்டுக்கொடுக்கவில்லை. படுத்த படுக்கையிலேயே ஒரு பட்டியல் கொடுக்கிறார். ஃபுல்வுஸ், ஃப்ளாவுஸ், ரூபிதுஸ், பொயனிக்கேயுஸ், ரூடிலுஸ், லூடேயுஸ், ஸ்பாடிக்ஸ், ஏழும் சிவப்பின் வகைகளே என்கிறார். சிவப்பைத் தீயாக எரியவைக்கும் சொல் உண்டு, பச்சை கலந்ததற்கு உண்டு, கறுப்பேற்றியதற்கு உண்டு, வெளிறியதற்கும் உண்டு. ரூபிதுஸ் என்றால் ‘கறுப்பு மிகுதியாகச் சுட்டெடுத்த’ ஆழ்ந்த சிவப்பு என்று விளக்கமும் தருகிறார். இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கும் நமக்கு ஒன்று உறைக்கிறது. ஃபுல்வுஸ் சிங்கத்தின் நிறம், ஃப்ளாவுஸ் பொன்முடியின் நிறம். நாம் மஞ்சள், பழுப்பு என்று பிரித்துவைப்பவற்றை ஃபிரோன்டோ சிவப்பின் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார். என் கட்சி ஃபவோரினஸ் கட்சிதான். ஃபிரோன்டோவின் ஏழு சொற்களில் ஒன்றுகூட ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சுக்குள் நுழையவில்லை. நுழைந்தவை பெரும்பாலும், ஃபவோரினஸ் ‘கடன்’ என்று அலுத்துக்கொண்ட வகை, அதாவது பொருளின் பெயரில் நிற்கும் சிவப்புகள்.

ரூபரின் நேர் வாரிசுகளில் எனக்குப் பிடித்தது ரூப்ரிக். ரூப்ரிக்கா என்பது முதலில் செம்மண், காவிக்கல். ரோமின் சட்ட ஏடுகளில் தலைப்புகளை இந்தச் செம்மண் மையால் எழுதினார்கள். நாளடைவில் ரூப்ரிக்கா என்றாலே சட்டத் தலைப்பு, சட்டம் என்று ஆகிவிட்டது. பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன், மேடைப் பேச்சில் தேற முடியாமல் ‘ஆல்புமுக்கும் ரூப்ரிக்காவுக்கும்’ ஒதுங்கிவிட்டவர்கள் என்று சிலரைக் குத்திக்காட்டுகிறார். ஆல்பும் என்பது நீதிபதியின் ஆணைகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகை. நம் கல்யாண ஆல்பத்தின் மூதாதை அதுதான். ஒரே கேலியில் வெள்ளையும் சிவப்பும்.

ரோமப் பேரரசுக்குப் பின் இந்தச் சொல் மடாலயங்களுக்குப் போனது. பூசைப் புத்தகத்தில் ஓத வேண்டிய மந்திரம் கறுப்பு மையில், ‘இங்கே மண்டியிடு’, ‘இங்கே எழுந்து நில்’ போன்ற குறிப்புகள் சிவப்பு மையில். அந்தச் சிவப்புக் குறிப்புகளே ரூப்ரிக். புனிதர்களின் திருநாட்களையும் நாட்காட்டியில் சிவப்பில் குறித்தார்கள். நம் வீட்டுத் தினசரி காலண்டரில் விடுமுறை நாள் சிவப்பாக இருப்பதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். கூட்டன்பெர்க் தன் பைபிளின் முதல் சில பக்கங்களில் தலைப்புகளைச் சிவப்பிலேயே அச்சிட்டுப் பார்த்தார். ஒரே தாளை இரண்டு முறை அச்சில் ஏற்ற வேண்டும், வேலை இரட்டிப்பு. கைவிட்டுவிட்டு, இடத்தைக் காலியாக விட்டு, கையால் எழுதுபவர்களிடமே ஒப்படைத்தார். இன்று பள்ளி ஆசிரியர்கள் மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று தயாரிக்கும் அட்டவணைக்கு ரூப்ரிக் என்று பெயர். அது கறுப்பு மையில்தான் அச்சாகிறது, திருத்தும் பேனா மட்டும் சிவப்பு.

ரூபி, ரூபருக்கு நேராகப் பிறந்தது அல்ல. பழைய ரோமர்கள் செந்நிறக் கற்களை கார்புங்குலுஸ், ‘குட்டித் தணல்’, என்றார்கள். இடைக்கால லத்தீனில்தான் ‘ரூபினுஸ்’, சிவப்புக்கல் என்ற பெயர் வந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ரூபி ஆனது. பழைய கார்புங்குலுஸும் சாகவில்லை. தணல்போலச் சிவந்து எரியும் ராஜபிளவைக் கட்டிக்கு ஆங்கிலத்தில் அதே பெயர், கார்பங்கிள். பெயர் நிறத்தை வைத்து வந்ததால் சிவப்பாக இருந்த கல்லெல்லாம் ரூபி ஆனது. பிரிட்டிஷ் மணிமுடியில் முன்பக்கம் பதித்திருக்கும் ‘கறுப்பு இளவரசனின் ரூபி’ உண்மையில் ஸ்பினெல் என்ற வேறு கனிமம். உண்மையான ரூபி கொரண்டம் என்ற கனிமத்தின் சிவப்பு வகை. அந்தக் ‘கொரண்டம்’ எங்கிருந்து போனது தெரியுமா? தமிழின் ‘குருந்தம்’. ஆக ஒரு மாணிக்கத்துக்கு ஆங்கிலத்தில் நிறப்பெயர் லத்தீன், கனிமப்பெயர் நம்முடையது.

பிரெஞ்சு ரூஜ், லத்தீன் ரூபேயுஸின் தேய்ந்த வடிவம். ஆங்கிலம் அதைக் கன்னச் சிவப்புப் பொடிக்காக வாங்கிக்கொண்டது. ரூபேயுஸ் ஸ்பெயினில் போன வழியைப் பார்த்தால் சிரிப்பு வரும். அங்கே அது ரூபியோ ஆகி, பொன்முடிக்காரர் என்று பொருள் தருகிறது. சிவப்புக்கும் பொன்னிறத்துக்கும் இடையே ஃபிரோன்டோ சுவர் வைக்காதது அவ்வளவு விசித்திரமில்லை போலும்.

அப்புறம் மருத்துவர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமின் மருத்துவ நூலாசிரியர் கெல்சுஸ் அழற்சிக்கு நான்கு அடையாளம் சொன்னார்: ரூபோர், துமோர், காலோர், தோலோர். சிவத்தல், வீங்கல், சுடுதல், வலித்தல். மருத்துவ மாணவர்கள் இன்றும் இதே லத்தீனில் மனப்பாடம் செய்கிறார்கள். மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலங்களை மருந்தியலில் ரூபிஃபேசியன்ட் என்பார்கள். தோலுக்கு இரத்த ஓட்டத்தை இழுத்து அதைச் சிவக்கவைப்பது என்று பொருள்.

ரூபெல்லா என்ற பெயரின் பிறப்பில் இந்தியாவுக்கும் பங்குண்டு. இங்கே ஒரு பள்ளியில் பரவிய நோயைக் கவனித்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஹென்றி வீல், 1866இல் அந்தப் பெயரை முன்மொழிந்தார். அதுவரை ஜெர்மன் மருத்துவர்கள் வைத்த ‘ரோட்டெல்ன்’ என்ற பெயர்தான் வழக்கில் இருந்தது. அது ஆங்கிலக் காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது என்பது அவர் வாதம். ‘குட்டிச் சிவப்பு’ என்ற பொருளில் லத்தீனிலிருந்து ரூபெல்லாவை எடுத்துவைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் விரட்டிய ரோட்டெல்னும் ஜெர்மன் ‘ரோட்’டிலிருந்து, அதாவது அதே ஆதி வேரிலிருந்து வந்ததுதான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது இந்தச் சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ஓர் எச்சரிக்கை: ‘ரூபியோலா’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் அது தட்டம்மை. ஸ்பானிய மொழியில் அதே சொல் ரூபெல்லாவைக் குறிக்கும். பிரெஞ்சிலும் அப்படித்தான். மருத்துவக் கட்டுரையை மொழிபெயர்ப்பவர்கள் இடறி விழும் இடம் இது.

மஞ்சள்காமாலை வந்தால் இரத்தப் பரிசோதனைத் தாளில் முதலில் பார்ப்பது பிலிரூபின். பிலிஸ் என்றால் பித்தம், கூடவே ரூபர். சிவப்புப் பித்தம். தோலையும் கண்ணையும் மஞ்சளாக்கும் பொருளுக்கு ஏன் சிவப்பின் பெயர்? பிரித்தெடுத்த பிலிரூபின் படிகம் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். உடம்பில் பரவி நீர்த்துப்போகும்போதுதான் நம் கண்ணுக்கு மஞ்சள்.

இப்போது ரூபிதுஸ். 1861இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வேதியியலாளர் பன்சனும் இயற்பியலாளர் கிர்ச்சாஃபும் லெபிடோலைட் என்ற கனிமத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நிறமாலையில், சிவப்பு முடிந்து கண் இருளத் தொடங்கும் விளிம்பில், அதுவரை யாரும் பார்க்காத இரண்டு கோடுகள். புதுத் தனிமம். வெறும் ரூபரின் பெயரை அவர்கள் வைக்கவில்லை. பழங்காலத்தார் ஆழ்ந்த சிவப்புக்கு வைத்திருந்த ரூபிதுஸைத் தேடி எடுத்து ரூபிடியம் என்றார்கள். கால் வாதத்தில் படுத்துக்கொண்டு ஃபிரோன்டோ சொன்ன ‘கறுப்பு சுட்ட சிவப்பு’க்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இன்று ரூபிடியம் அணுக்கடிகாரங்களுக்குள் இருக்கிறது. 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள் என்விஎஸ்-01இல் இருப்பது இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம்.

தாவரவியலிலும் ஒரு கிளை இருக்கிறது. சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி இனத்துக்கு லத்தீனில் ரூபியா. அதன் பெயரால் ஒரு பெரிய குடும்பமே ரூபியேசி. காபிச் செடி, நுணா, சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் செந்நிறம் கொடுத்த சாயவேர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். வீட்டு வாசலில் பூக்கும் வெட்சி, அதாவது இட்லிப்பூ, இதே குடும்பம். அதன் முழுப் பெயர் இக்சோரா காக்சினியா. அந்தக் ‘காக்சினியா’வும் இன்னொரு லத்தீன் சிவப்பு. கோவைக்காய்க் கொடிக்கும் காக்சினியா என்றே பேரினப் பெயர். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட்டும் அவருடைய கூட்டாளி ஆர்னட்டும் 1834இல் வைத்தது. பழுத்த கோவைப் பழத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் புலவர்கள் உதட்டுக்கு உவமை சொல்லிச் சலிக்காத பழம்.

ரூஃபஸின் பிள்ளைகள் குறைவு. பறவை பார்ப்பவர்கள் ரூஃபஸ் ட்ரீபை என்று சொல்லும் வால் காக்கையின் முதுகு நிறம் அதுதான். இங்கிலாந்தில் 1100இல் காட்டில் அம்பு பட்டு இறந்த இரண்டாம் வில்லியமுக்கு ‘ரூஃபஸ்’ என்றே பட்டப்பெயர். அவ்வளவுதான்.

ருஸ்ஸுஸ் கொஞ்சம் ஊர்சுற்றி. ரோமின் தேர்ப்பந்தயத்தில் சிவப்பு அணிக்கு ருஸ்ஸாட்டா என்று பெயர். துணிக்கும் சட்டைக்கும் பொருந்தும் அன்றாடச் சிவப்பு அது. இலக்கியத்தில் ரூபர் கௌரவமாக இருக்க, தெருவில் ருஸ்ஸுஸ்தான் ஜெயித்தது என்று சொல்லலாம். இத்தாலியின் ரோஸ்ஸோ, ஸ்பெயினின் ரோஹோ இரண்டுமே இந்த வழி வந்தவை. பிரெஞ்சில் அது ரூ ஆகிச் செம்பட்டை முடியைக் குறிக்கிறது. சமையலில் வெண்ணெயில் மாவைச் சிவக்க வறுக்கும் ‘ரூ’வும் அதுவே. ஆங்கிலத்தில் ரஸ்ஸெட் என்ற கரடுமுரடான துணி, பிறகு அந்தத் துணியின் செம்பழுப்பு நிறம், பிறகு அந்த நிறத் தோலுள்ள உருளைக்கிழங்கு. ரஸ்ஸல், ரூஸோ, ரோஸ்ஸி என்று ஆங்கில, பிரெஞ்சு, இத்தாலியக் குடும்பப் பெயர்களாக உலாவுகிறவர்கள் எல்லாரும் யாரோ ஒரு செம்முடித் தாத்தாவின் வாரிசுகள்.

இன்னொரு லத்தீன் சொல்லும் உண்டு. ரோபுர் என்றால் கருவாலி மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை. அதன் செந்நிறத்தால் வந்த பெயர் என்று ரோமர்களே நினைத்தார்கள். கெட்டியானது என்பதால் ரோபஸ்ட், ஒருவர் சாட்சியத்தை இன்னொருவர் கெட்டிப்படுத்துவதால் கரோபரேட். நீதிமன்றத்தில் யாருக்கும் அதில் சிவப்பு தெரியாது.

இனி புழுக்களுக்கு வருவோம். மத்தியதரைக் கடற்கரைக் கருவாலிச் செடிகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு செதில் பூச்சியைக் காயவைத்து அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம். காய்ந்த பூச்சி பார்க்க விதை மாதிரி இருப்பதால் கிரேக்கர் கொக்கோஸ் என்றார்கள். மேலே பார்த்த காக்சினியா அதன் வழி. லத்தீனில் அதையே க்ரானும், தானியம், என்றும் சொன்னார்கள். இந்தச் சாயத்தில் தோய்த்த துணி வெளுக்காது. ஆங்கிலத்தில் ஊறிப்போன பழக்கத்தை இன்க்ரெயின்ட் என்கிறார்களே, அது இந்தச் சாயத்தொட்டியிலிருந்து வந்தது. பூச்சி என்று தெரிந்தவர்கள் வெர்மிகுலுஸ், குட்டிப்புழு, என்றார்கள். பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் செந்நூலுக்கு இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். அது பிரெஞ்சு வழியாக வெர்மிலியன் ஆகி, புழுவை விட்டுவிட்டுப் பாதரசத்திலிருந்து வரும் சாதிலிங்கப் பொடிக்குப் பெயரானது. இந்திய ஆங்கிலத்தில் நெற்றிக் குங்குமமும் வெர்மிலியன். போர்ச்சுக்கலில் இந்தப் புழு மற்ற எல்லாச் சொல்லையும் தள்ளிவிட்டது. அங்கே சாதாரணச் சிவப்புக்கே வெர்மெல்யு என்றுதான் பெயர்.

கிழக்கே அதே பூச்சிக்கு அரபியில் கிர்மிஸ். பாரசீகத்தில் கிர்ம் என்றால் புழு, சமஸ்கிருதத்தில் கிருமி. அரபியிலிருந்து இடைக்கால லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்தில் கிரிம்சன். ஆக நாம் சோப்பு போட்டுக் கழுவும் கிருமியும் கிரிம்சன் நிறமும் ஒரே சொல். கார்மைனும் இதே கிர்மிஸ்தான், பக்கத்தில் இருந்த மினியும் என்ற சொல்லின் சாடை படிந்தது.

மினியும் கதைதான் இந்த வம்சத்திலேயே விசேஷமானது. ரோமர்களுக்கு மினியும் என்றால் சாதிலிங்கம். அதில் பெரும்பகுதி ஸ்பெயினின் சிசாப்போ சுரங்கத்திலிருந்து முத்திரையிட்ட மூட்டைகளில் ரோமுக்கு வந்தது. ஒரு ராத்தலை 70 செஸ்டர்ஸ் காசுக்கு மேல் விற்கக்கூடாது என்று சட்டமே இருந்ததாக ரோம நூலாசிரியர் பிளினி எழுதுகிறார். திருவிழா நாட்களில் ஜூப்பிட்டர் சிலையின் முகத்தில் இதைப் பூசினார்களாம். வெற்றி ஊர்வலம் வந்த தளபதிகளும் உடம்பில் பூசிக்கொண்டார்களாம். பட்டறைகளில் வேலை செய்தவர்கள் தூசி மூக்கில் போகாமலிருக்க, மெல்லிய பிராணிப்பையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அதன் வழியே பார்க்கவும் முடியும். விலை அதிகம் என்பதால் திருட்டும் உண்டு. சுவருக்கு வண்ணம் பூசும்போது பெயின்டர் தூரிகையை அடிக்கடி தண்ணீரில் அலசுவார். சாதிலிங்கம் கனமானது, அடியில் தங்கிவிடும். சாயங்காலம் வீட்டுக்காரர் போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொடியை எடுத்துக்கொள்ளலாம். பிளினி இதைச் சொல்லும் தோரணையில், தன் வீட்டிலேயே பறிகொடுத்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அத்தனை விலை கொடுத்தும் வெயில் பட்டால் கறுத்துவிடும். ஃபபேரியுஸ் என்ற அரசு எழுத்தர் அவென்டைன் குன்றில் இருந்த தன் வீட்டு முற்றத்துச் சுவரெல்லாம் மினியும் பூசினார், 30 நாளில் அசிங்கமாகிவிட்டது, மறுபடி வேறு வண்ணத்துக்கு ஆள் பிடித்தார் என்று கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். பாவம், இரண்டாயிரம் வருடமாக அந்தச் சுவரைப் பற்றிப் பேசுகிறோம்.

பின்னாளில் மினியும் என்ற பெயர், மலிவான சிவப்பு ஈயப் பொடிக்கு இடம் மாறியது. கையெழுத்துப் பிரதிகளில் தலைப்பெழுத்துகளை இதனால் எழுதுவது மினியாரே. இத்தாலியில் அந்தப் பிரதிகளில் வரைந்த படங்களுக்கு மினியாத்தூரா என்று பெயர். புத்தகப் பக்கத்துக்குள் அடங்க வேண்டுமல்லவா, படங்கள் சின்னதாக இருந்தன. கூடவே மினோர், மினிமும் என்று சிறுமையைக் குறிக்கும் லத்தீன் சொற்களின் ஒலியும் சேர, கேட்டவர்கள் மினியேச்சர் என்றாலே ‘குட்டி’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அதன் தலையை மட்டும் வெட்டி ‘மினி’ என்று எடுத்துக்கொண்டார்கள். மினி பஸ், மினி மீல்ஸ், சாம்பாரில் மிதக்கும் மினி இட்லி எல்லாவற்றிலும் இருப்பது அந்தச் சிவப்பு ஈயம்.

சாங்குயிஸ், அதாவது இரத்தம் பற்றி இரண்டு வரி. இரத்தம் மிகுந்தவன் முகம் சிவந்து உற்சாகமாக இருப்பான் என்ற பழைய மருத்துவ நம்பிக்கையால் சாங்குவின் என்றால் நம்பிக்கையுள்ளவன். அதே இரத்தத்தில் பிறந்த சாங்குவினரி என்றால் கொலைவெறி பிடித்தது. ஆங்கிலம் எழுதுபவர்கள் இரண்டையும் குழப்பாமல் இருப்பது நல்லது.

கடைசியாக ரப்பர். ஒலி ஒற்றுமையால் உறவு கொண்டாடுபவர்கள் ரப்பர், ரஷ்யா, ரூபிள், ரூபாய் எல்லாவற்றையும் இந்தப் பந்தியில் உட்காரவைக்கப் பார்ப்பார்கள். ரஷ்யா, ‘ரூஸ்’ என்ற மக்கள் பெயரிலிருந்து வந்தது, ருஸ்ஸுஸ் அல்ல. ரூபிள், வெட்டுவது என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லிலிருந்து. ரூபாய், வெள்ளியைக் குறிக்கும் ரூப்ய என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து. ரப்பர், தேய்ப்பது என்ற பொருளுள்ள ‘ரப்’ என்ற சாதாரண ஆங்கில வினையிலிருந்து. பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க இந்தப் பிசின் நன்றாக உதவுகிறது என்று வேதியியலாளர் ஜோசஃப் பிரீஸ்ட்லி 1770இல் குறித்துவைத்தார். பள்ளிக்கூடத்துப் பெட்டியில் கிடக்கும் அந்தத் துண்டுக்கு வந்த பெயர்தான், பிறகு மரத்துக்கும் பாலுக்கும் டயருக்கும் போனது.